வீட்டு விமான சிமியுலேட்டருக்கு எந்த ஸ்பீக்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில், பத்தடிக்குப் பதினொரு அடி அறையொன்றில், கணினியிலேயே விமானம் ஓட்டும் சிமியுலேட்டர் வைத்துப் பறக்கிறேன். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல பக்கமிருந்தும் பொடியன்மார் பார்க்க வருவார்கள். கிராபிக்ஸ் கார்ட், ஜோய்ஸ்டிக் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்திருப்பார்கள். போகும்போது வாசலில் நின்று கேட்பது சவுண்டைப் பற்றித்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மொனிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, அது போதாதா?

பறக்கலாம். ஆனால் விமானம் சொல்வதில் பாதி உங்களுக்கு வந்து சேராது.

விமானத்தில் சத்தமும் ஒரு மீட்டர்தான். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்தப் போகிறது என்றால், அதற்கு 5 முதல் 10 நொட் (விமான வேகத்தின் அளவு) முன்னதாகவே ஸ்டோல் ஹோர்ன் ஊளையிடத் தொடங்கும். கருவிகளைப் பார்த்து இறங்கும்போது, ஓடுபாதை நெருங்குவதைச் சொல்லும் மார்க்கர் என்ற ரேடியோக் குறிகளில், வெளி மார்க்கர் 400 ஹேர்ட்ஸிலும் (செக்கனுக்கு 400 அதிர்வு), நடு மார்க்கர் 1300 இலும், உள் மார்க்கர் 3000 இலும் ஒலிக்கும். திரையைப் பார்க்காமலே எவ்வளவு கிட்ட வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். திசை காட்டும் ரேடியோ நிலையமான வி.ஓ.ஆர். இன் மோர்ஸ் அடையாளம் 1020 ஹேர்ட்ஸ். இவையெல்லாம் மொனிட்டர் ஸ்பீக்கரிலும் கேட்கும். கேட்காமல் போவது எஞ்சின். அது ஏதோ தூரத்தில் ஓடும் தையல் மெசின் போல ஆகிவிடும். எஞ்சின் இறங்குகிறதா, ஏறுகிறதா, மூக்கு தாழ்ந்து வேகம் பிடிக்கிறதா என்று காதால் பிடிக்க முடியாவிட்டால் கண் முழுநேரமும் மீட்டரில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்துப் பறக்கும் பழக்கம் வராது.

எஞ்சின் சரியாகக் கேட்க ஸ்பீக்கர் எவ்வளவு கீழே இறங்க வேண்டும்?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். செஸ்னா 172 சாதாரணமாகப் பறக்கும்போது நிமிடத்துக்கு 2400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 40 சுற்று. புரொப்பெல்லருக்கு இரண்டு இறக்கை, ஆகவே செக்கனுக்கு 80 வெட்டு. எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதுவும் 80. இரண்டும் சேர்ந்து 80 ஹேர்ட்ஸில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த விமானத்தின் நெஞ்சுக்கூடு அதுதான்.

செஸ்னா கேரவன் என்ற விமானத்தின் புரொப்பெல்லருக்கு மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 1900 சுற்று. கணக்கு 95 ஹேர்ட்ஸ் என்று வரும். ஜெட் விமானத்தில் இப்படி ஒரு இடத்தில் குவியாமல் சத்தம் பரந்து கிடக்கும். ஓடுபாதையின் குலுக்கல், சில்லு தரையில் முட்டும் அடி எல்லாம் இதைவிடக் கீழே.

ஆகவே பெட்டியில் 60 ஹேர்ட்ஸ் அளவு வரை இறங்கும் என்று எழுதியிருந்தால் சிறு விமானங்களுக்குப் போதும். கிரியேட்டிவ் பெபிள் போன்ற இரண்டு அங்குல ஸ்பீக்கர் 100 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பாட்டுக்கு நல்லது, பேச்சுக்கு மிக நல்லது, செஸ்னாவின் அடித்தளம் அதில் இல்லை. எடிபையர் எம்.ஆர்.4 போன்ற நாலு அங்குலச் சோடி 60 இலிருந்து வேலை செய்கிறது. மேசையிலும் அதிக இடம் பிடிக்காது.

அண்ணா, 5.1 செட் ஒன்று மலிவாக வருகுது, எடுக்கவா?

வேண்டாம். நானும் ஒருமுறை எடுத்தேன். ஐந்து ஸ்பீக்கருக்கும் வயர் இழுத்து, பின்னால் இரண்டை அலுமாரிக்கு மேலே வைத்து, ஒரு மாதம் பறந்தேன். விமானியின் இருக்கையில் கேட்க வேண்டியதெல்லாம் முன்னாலும் பக்கத்திலும்தான் இருக்கிறது. பின் ஸ்பீக்கர் இரண்டும் சும்மா காற்றுச் சத்தம் போட்டன. கீழ்ச்சத்தம் தரும் பெரிய சப்வூபர் யன்னல் கம்பியையும் கண்ணாடியையும் ஆட்டியதில், எஞ்சின் சத்தத்தைவிட யன்னல் சத்தம்தான் கூடக் கேட்டது. அடுத்த மாதம் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் எரிந்தது. விற்ற கடையில் பொறுப்பெடுக்கவில்லை.

சிறிய அறைக்கு இரண்டு வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று, நாலு அங்குல வூபர் உள்ள சோடி. மற்றது, லொஜிடெக் இசட்407 மாதிரி, சின்ன ஸ்பீக்கர் இரண்டும் ஐந்தேகால் அங்குல சப்வூபரும் சேர்ந்த 2.1 செட். மேசையில் திரைகள் நிறைந்து ஸ்பீக்கருக்குக் கையளவு இடம்தான் மிச்சம் என்றால் இரண்டாவதை எடுங்கள். இடம் இருந்தால் முதலாவது. பேச்சும் எஞ்சினும் கலங்காமல் கேட்பதில் அது ஒரு படி மேலே.

சவுண்ட்பாரைப் பற்றியும் கேட்கிறார்கள். தொலைக்காட்சிக்கு என்று செய்தது அது. சிலவற்றில் சத்தம் சற்றுப் பிந்தியே வரும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைத் தள்ளும் கைக்கும் காதுக்கும் இடையில் அந்தப் பிந்தல் இடறும்.

பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருக்கிறதே?

பி.எம்.பி.ஓ. என்று போட்டு, ஒரு கண உச்சத்தை விளம்பரத்துக்கு எழுதும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பதுதான் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் உண்மையான பலம். நீங்கள் உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து 70, 80 சென்ரிமீட்டரில். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் அளவு தரும். பத்து வாட் கொடுத்தால் 95. அது ஏற்கெனவே காதைக் கெடுக்கும் சத்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். பக்கத்துக்கு 15, 20 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் அதற்கு மேல் காசு போடத் தேவையில்லை.

பக்கத்து வீடு ஒட்டின மாதிரி. பேஸ் சத்தத்துக்கு என்ன செய்வது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேஸ் என்ற கீழ்ச்சத்தத்தின் அலை மிக நீளம். 40 ஹேர்ட்ஸ் அலை ஒன்று எட்டு மீட்டருக்கு மேல். அதை நம் அறைக்குள் அடக்கவே முடியாது, சுவரைத் தாண்டித்தான் போகும். என் அறையின் நீளம் பதினொரு அடி. அந்த நீளத்துக்கு 52 ஹேர்ட்ஸ் அளவில் அறை தானே முழங்கத் தொடங்குகிறது. எஞ்சின் அந்தச் சுற்றைத் தொடும்போதெல்லாம் அறை முழுக்க 'ம்ம்ம்' என்று நிற்கும். சப்வூபரை மூலையில் வைத்தால் அது இன்னும் கூடும். தகரக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம்.

நம்முடைய வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைப்பார்கள். காற்றில் கேட்காத சத்தம் மரம் வழியாகத் தெளிவாக வரும். சின்ன வயதில் என் மாமா அப்படி வைத்துக் காட்டியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எஞ்சினின் கீழ்ச்சத்தத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். அறைக் காற்று முழுவதையும் ஆட்டுவதற்குப் பதிலாக நீங்கள் உட்காரும் கதிரையை மட்டும் ஆட்டினால் போதும்.

இதற்கென்றே பேஸ் ஷேக்கர் என்று ஒரு சாமான் இருக்கிறது. கூம்பு இல்லாத ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காந்தமும் சுருளும் மட்டும். காற்றைத் தள்ளாமல் தான் பூட்டப்பட்ட பலகையைத் தள்ளும். டேட்டன் ஓடியோ, பட்கிக்கர் என்ற பெயர்களில் வருகின்றன. உள்ளங்கையளவு ஒன்றே ஒரு கதிரைக்குப் போதும்.

பூட்டும் விதம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. பஞ்சு மெத்தைக்கு அடியில் வைத்தால் பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உருளை உள்ள ஒபிஸ் கதிரையானால் இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தட்டில் இறுக்குங்கள். மரக் கதிரைதான் மிகச் சுகம். முக்கால் அங்குலப் பலகையை இருக்கைக்குக் கீழே நாலு திருகாணியால் இறுக்கி அதன் நடுவில் ஷேக்கரைப் பூட்டலாம். பிளாஸ்டிக் கதிரை வளைந்து கொடுக்கும், கிரீச்சிடும், அதில் மினக்கெட வேண்டாம். கதிரைக் கால்களுக்கு அடியில் தடித்த றப்பர் துண்டு போட மறக்காதீர்கள். போடாவிட்டால் சீமெந்துத் தரை வழியாக அடுத்த அறைக் கட்டில் வரைக்கும் அதிர்வு போகும். எனக்கு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அடுத்த அறையில் படுத்திருந்த என் அம்மா.

ஷேக்கருக்குத் தனியாகச் சின்ன அம்ப் ஒன்று வேண்டும், 50 வாட் அளவில். அதற்குள் போகும் சத்தத்தில் 80, 100 ஹேர்ட்ஸுக்கு மேலானதை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கதைப்பவரின் குரலும் இருக்கைக்குள் கரகரக்கும். சப்வூபருக்கென்று வரும் ஒற்றைச் சனல் அம்ப்களில் இந்த வெட்டும் குமிழ் கூடவே இருக்கும். சிம்ஷேக்கர் என்ற மென்பொருளைப் போட்டால் இன்னும் ஒரு படி போகலாம். அது சத்தத்தை எடுக்காமல் சிமியுலேட்டரின் தரவையே வாசித்து, சில்லு இறங்கும் அடி, இறக்கையின் பின்பக்க மடிப்பான பிளாப்பின் நடுக்கம், ஓடுபாதையின் குலுக்கல் என்று தனித்தனியே செய்து அனுப்பும். யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று கூடுதலாக வாங்கி அதை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

ஷேக்கர் வந்த பிறகு என் ஸ்பீக்கர் குமிழ் பாதிக்கு மேலே போனதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பறந்தாலும் பக்கத்து வீட்டு யன்னலடியில் ஒன்றும் கேட்பதில்லை. நானே போய் நின்று பார்த்தேன்.

கோபுரத்தோடு கதைக்கும் சத்தம் எதிலிருந்து வர வேண்டும்?

காதிலிருந்து. ஸ்பீக்கரிலிருந்து வேண்டாம்.

உண்மையான விமானியும் ஹெட்செட்டில்தான் கேட்கிறார். ரேடியோப் பேச்சு ஏறக்குறைய 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைக்குள் அடங்கிவிடும். எஞ்சின் சத்தமும் அதே ஸ்பீக்கரில் வந்தால் கோபுரம் சொல்லும் எண்கள் அமுங்கிப்போகும். சிமியுலேட்டர்காரர் இணையத்தில் ஒன்றாகப் பறக்கும் வாட்சிம் வலையமைப்பில் பறக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கட்டுப்பாட்டாளர்களாக இருப்பவர்கள் சம்பளமில்லாமல் நேரம் கொடுக்கும் உண்மையான மனிதர்கள். அவர்கள் சொன்ன உயரத்தைப் பிழையாகக் கேட்டால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தொந்தரவு. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்பிப் போவதும் ஹெட்செட் போட்டால் நின்றுவிடும்.

விலை கூடியது தேவையில்லை. ஒற்றைக் காது யூ.எஸ்.பி. ஹெட்செட், கோல் சென்ரரில் வேலை செய்பவர்கள் போடுவது, அதுவே போதும். ஒரு காது ரேடியோவுக்கு, மற்றக் காது அறையிலுள்ள எஞ்சினுக்கு. நம்முடைய வெக்கைக்கும் அது நல்லது. காதை முழுவதும் மூடும் தோல் மெத்தைக்குள் வைகாசி, ஆனியில் அரை மணித்தியாலம் இருந்தாலே வேர்த்துக் கொட்டும். வாட்சிம் மென்பொருளுக்குள் ஹெட்செட்டைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒவ்வொரு மென்பொருளின் சத்தமும் எதில் போக வேண்டும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். சிமியுலேட்டரை ஸ்பீக்கருக்கு விட்டுவிடுங்கள்.

புளூடூத்தில் இணைத்தால் வயர் தொல்லை இல்லையே?

சாதாரண புளூடூத்தில் சத்தம் 150, 200 மில்லிசெக்கன் பிந்தும். சில்லு தரையைத் தொட்டு அரைக் கணத்துக்குப் பிறகு 'கிரீச்' என்று வந்தால் இறங்கிய சந்தோசமே போய்விடும். வயரைப் போடுங்கள்.

ஸ்பீக்கரில் 'ஊம்' என்று ஒரே இரைச்சல். என்ன காரணம்?

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 இன் இரைச்சல்தான் அது. கணினியும் அம்பும் வேறு வேறு பிளக்கில் இருந்து, இரண்டின் ஏர்த்தும் ஓடியோ வயர் வழியாக ஒரு வளையமாகிவிட்டால் இப்படி வரும். முதலில் எல்லாவற்றையும் ஒரே நல்ல மல்டிபிளக்கில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் ஓடியோ வயருக்கு நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னச் சாமான் கிடைக்கிறது. 13 அம்பியர் பிளக்கைக் கழற்றி ஏர்த் வயரை வெட்டிவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் சாமான் பழுதாகி அதன் உலோக உடம்பில் கரண்ட் ஏறினால் அது நிலத்துக்குப் போக வழியிருக்காது. பழைய வீடென்றால் ஏர்த் உண்மையாகவே நிலத்தில் இருக்கிறதா என்று எலக்ரீசியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்ப்பிப்பது எப்படியும் நல்லது.

மின்வெட்டுக்கென்று யூ.பி.எஸ். வைத்திருந்தால் கணினியையும் திரையையும் மட்டும் அதில் போடுங்கள். அம்பையும் ஷேக்கரையும் போட்டால் இருக்கும் சில நிமிடமும் குறையும்.

கடற்கரைப் பக்கம் வீடு. ஸ்பீக்கர் எவ்வளவு காலம் தாங்கும்?

கல்லடி, நாவலடி, காத்தான்குடிக் கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு வளையம் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் சில வருடத்தில் பொடிந்து கொட்டும். றப்பர் வளையம் நீண்ட காலம் நிற்கும். பழைய செட் வாங்குகிறவர்களுக்கு இதுதான் முதல் சோதனை. இரண்டாவது, குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்று கேட்பது.

வயர் முனைகளை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பஞ்சால் துடைத்துப் போடுங்கள். பறக்காத நேரம் ஒரு பருத்தித் துணியால் மூடிவிடுங்கள். சப்வூபரின் ஓட்டைக்குள் பல்லி முட்டையிடும், எறும்பு சூடு தேடிப் போகும். பழைய நுளம்பு வலைத் துண்டொன்றை ஓட்டையில் இழுத்துக் கட்டினால் இரண்டும் நிற்கும், சத்தத்துக்கும் குறைவில்லை.

எங்கே வைப்பது? எவ்வளவு சத்தம் வைப்பது?

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரே பக்க நீளமுள்ள முக்கோணம். கீச்சொலி வரும் சின்னப் பகுதி காது மட்டத்தில் இருக்க வேண்டும், தேவையென்றால் அடியில் இரண்டு புத்தகம் வையுங்கள். மேசைப் பலகை அதிராமல் றப்பர் பாய்த் துண்டும் வேண்டும். சப்வூபர் மேசைக்கு அடியில், மூலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி.

சத்த அளவில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது. 90 ஆனால் அது 4 மணித்தியாலம்தான். போனில் டெசிபல் காட்டும் செயலியைப் போட்டு, காது இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். 70 ஐச் சுற்றி இருந்தால் போதும். உண்மையான செஸ்னாவின் உள்ளே இதைவிட மிக அதிகம்தான், அதனால்தான் விமானிகள் காதை மூடுகிறார்கள். மாரியில் தகரத்தில் மழை கொட்டும்போது குமிழைக் கூட்டத் தோன்றும். கூட்டாமல் ஹெட்போனுக்கு மாறுங்கள்.

கையில் காசு குறைவு. எதை முதலில் வாங்குவது?

விலை டொலரோடு ஏறி இறங்குவதால் தொகை சொல்லவில்லை, வரிசை சொல்கிறேன். முதலில் ஹெட்செட். அடுத்து ஸ்பீக்கர் சோடி. ஷேக்கரும் அம்பும் கடைசி. ஆனால் வீட்டில் குழந்தை தூங்குகிறது, படிக்கிற பிள்ளை இருக்கிறது என்றால் ஸ்பீக்கரைப் பெபிள் அளவோடு நிறுத்திவிட்டு மிச்சக் காசை ஷேக்கருக்கு வையுங்கள். சின்ன ஸ்பீக்கரும் கதிரை அதிர்வும் சேர்ந்தது, ஷேக்கர் இல்லாத பெரிய செட்டைவிட விமானத்துக்குக் கிட்ட இருக்கிறது.

எல்லாம் பூட்டியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சிமியுலேட்டரில் நம் மட்டக்களப்பு விமான நிலையத்தை எடுங்கள், அதன் குறியீடு வி.சி.சி.பி. (VCCB). செஸ்னா 172 ஐ ஓடுபாதை முனையில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு 1800 சுற்றுக்கு ஏற்றுங்கள். இப்போது 60 ஹேர்ட்ஸ், கதிரையில் தெரிய வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோக்கள் இரண்டு. அவற்றின் திறப்பை, இரண்டும் வேலை செய்யும் நிலையிலிருந்து ஒன்று மட்டும் வேலை செய்யும் நிலைக்குத் திருப்புங்கள். சுற்று 100 அளவில் இறங்கும், அதாவது மூன்று ஹேர்ட்ஸ்தான். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அந்தச் சின்ன இறக்கம் முதுகில் தெரிந்தால் ஷேக்கரின் அளவு சரி. தெரியாவிட்டால் பூட்டிய இடத்தைப் பாருங்கள், குமிழைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

பிறகு எழும்புங்கள். வாவியைக் கடந்து கடலுக்கு மேலே 3000 அடியில் த்ரொட்டிலை முழுதாக இழுத்துவிட்டு மூக்கை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். கதிரை அமைதியாகும், காற்றின் இரைச்சல் முன் ஸ்பீக்கரில் தேய்ந்து தேய்ந்து வரும், அப்புறம் ஹோர்ன் முனகத் தொடங்கும். வேகமானியைப் பார்க்காமல் அந்த முனகலுக்கு மூக்கைத் தாழ்த்திப் பழகுங்கள்.